எண்பத்து நாலு லட்சத்தில் ஒருத்தி

தாழங்குப்பம், எண்ணூர்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜோதிகா எழுதுவது. நீயும் அப்சல் மாமாவும் சுகமா? இங்கே அம்மா சுகம். நைனா கடலுக்குப் போய் வருகிறார். நான் விலங்கியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். உதயா அண்ணனுக்குச் சுகமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போய் இரண்டு வருடம் தாண்டிவிட்டது. உன் பழைய நம்பர் கிடைக்கவில்லை. உங்கள் தெருவில் மீன் விற்கும் பவுனம்மாள் பெரியம்மாவைக் கெஞ்சி இந்த விலாசத்தை வாங்கினேன்.

தீபாவளி கழிந்து அண்ணனுக்குப் பல் ஈறில் ரத்தம் வர ஆரம்பித்தது. வலை இழுத்தால் கையில் நீலத் திட்டு. பிறகு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஊசி போட்டு எலும்புக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் ஊறுகிற மஜ்ஜை வேலையை நிறுத்திவிட்டதாம். காரணம் தெரியவில்லை என்கிறார் டாக்டர். வாராவாரம் வேறு யாருடைய ரத்தத்தையோ ஏற்றிக்கொண்டுதான் நடமாடுகிறான்.

வேறு ஒருவர் மஜ்ஜையைக் கொடுத்தால் பிழைப்பான். பொருத்தம் பார்க்க வேண்டும். அம்மா, நைனா, நான் மூன்று பேரும் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். மூன்று பேரும் பாதிதான் பொருந்துகிறோம். பாதியை வைத்தும் செய்யலாமாம், ஆனால் ஆபத்து அதிகம். "கூடப் பொறந்தவங்க வேற யாராவது உண்டா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா நைனாவின் முகத்தைப் பார்த்தாள். நைனா சுவரைப் பார்த்தார். "ஒருத்தி கீறா சார்" என்று அண்ணன்தான் சொன்னான்.

நீ போய் ரத்தம் கொடுத்தால் போதும். வீட்டுக்கு வர வேண்டாம், யாரையும் பார்க்க வேண்டாம். பதிலை என் தோழி அஜீசாவின் எம்.கே.பி. நகர் வீட்டுக்கு அனுப்பு, அவள் காலேஜுக்குக் கொண்டுவந்து தருவாள். அவள் விலாசம் பின்பக்கத்தில். என் போனை நைனா பார்ப்பார்.

மாமாவையும் பெரியவர்களையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை
ஜோதிகா

~

பழைய வண்ணாரப்பேட்டை
20 பிப்ரவரி 2024

அன்பு ஜோதி,

உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறியது மாதிரியே இருக்கிறது. பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். எனக்குக் காலையில் கொஞ்சம் சோர்வு, வெயில் ஆரம்பித்துவிட்டது அல்லவா, வேறொன்றுமில்லை.

அண்ணன் என்ன சாப்பிடுகிறான்? வெளியில் விற்கிற வெட்டின பழம் எதுவும் கொடுக்காதீர்கள். உன் மாமா கடைக்கு வந்த ஒரு ஆளின் மகனுக்கும் இப்படி ஒரு நோய், அவர்கள் சொன்னார்கள்.

நம்பரை நான்தான் மாற்றினேன். கடைசியாக அதில் நைனா பேசினார். "நீ என் ரத்தமே இல்ல" என்றார். கோபத்தில் சொன்ன வார்த்தை என்று எத்தனையோ தபா எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் குப்பத்தில் சின்ன வயதிலிருந்தே என்னைப் பூனைக்கண்ணி என்பார்கள். சுருட்டை முடியைப் பிடித்து இழுத்து, "இது யாரு பெத்த புள்ள?" என்று சிரிப்பார்கள். அம்மா அதைக் கேட்டு முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். நீ அண்ணனின் ஜெராக்ஸ். அதே சப்பை மூக்கு, அதே இடைவெளி விட்ட பல். உன்னுடையதே பாதிதான் பொருந்துகிறது என்றால், யார் ஜாடையும் இல்லாத என்னுடையது எப்படிப் பொருந்தும்? பொருந்தவே இல்லை என்று வந்துவிட்டால், அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன பேசுவார்கள்?

ரத்தம் கொடுப்பேன். கொடுக்க மாட்டேன் என்று நினைத்துவிடாதே. கொஞ்சம் நாள் கொடு.

அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

அக்கா
ரேகா

~

தாழங்குப்பம்
3 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அஜீசா கேண்டீனில் வைத்துக் கொடுத்தாள். டீ ஆறிப்போகும்வரை படித்தேன். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். அண்ணனுக்கு எல்லாம் வேகவைத்துத்தான் தருகிறோம். "பத்தியக்காரன் மாரி துன்னுகினு கீறேன்" என்று திட்டுகிறான்.

நீ கேட்டதற்குப் பதில் எங்கள் லேபிலேயே இருக்கிறது. வெட்டுக்கிளியின் விரையை நசுக்கி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். குன்றல் பிரிவு என்று பெயர். சாதாரணமாக ஒரு செல் பிரிந்தால் அச்சு அசலாக இரண்டு வரும். விந்தும் முட்டையும் உருவாகும்போது மட்டும் அப்படி இல்லை.

நம் செல் ஒவ்வொன்றிலும் குரோமோசோம் இருபத்து மூன்று ஜோடி. ஜோடியில் ஒன்று அம்மா தந்தது, ஒன்று நைனா தந்தது. நைனாவுக்கும் அப்படித்தான், ஒன்று அவருடைய அம்மா தந்தது, ஒன்று அவருடைய அப்பா தந்தது. நைனா நமக்குத் தரும்போது ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் போகும். எது போகும் என்று யாரும் முடிவு செய்வதில்லை. முதல் ஜோடியில் ஒரு பக்கம் விழுந்தது என்பதற்காக இரண்டாவதிலும் அதே பக்கம் விழ வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. இருபத்து மூன்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நைனா தரப்பில் மட்டும் கிட்டத்தட்ட எண்பத்து நாலு லட்சம் விதம். அம்மா தரப்பிலும் அதே எண்பத்து நாலு லட்சம். கோயில் பிரசங்கத்தில் எண்பத்து நாலு லட்சம் பிறவி என்று சொல்வார்களே, அதே எண். தற்செயல்தான், ஆனால் கணக்கு வந்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இது போதாது என்று, பிரிவதற்கு முன் ஜோடி இரண்டும் ஒட்டிப் படுத்துத் துண்டு துண்டாக மாற்றிக்கொள்ளும். குறுக்கேற்றம் என்பார்கள். இரண்டு வலையைப் பக்கத்தில் விரித்து, இதில் ஒரு முழம் வெட்டி அதிலும், அதில் ஒரு முழம் வெட்டி இதிலும் வைத்து முடிந்தால் எப்படி இருக்கும்? அப்படி. அதனால் நைனாவிடம் இருந்த வலை அப்படியே யாருக்கும் வருவதில்லை. நீ வேறு, நான் வேறு, அண்ணன் வேறு. யார் ஜாடையும் இல்லாமல் பிறப்பது தப்பே இல்லை அக்கா. எல்லாக் குழந்தையும் புதுசுதான். சிலது பார்த்தாலே தெரியும், சிலது தெரியாது.

இப்போது முக்கியமானது. மூக்கையும் பல்லையும் முடிவு செய்வது எங்கெங்கோ பல இடத்தில் இருக்கிறது. மஜ்ஜைப் பொருத்தம் ஆறாவது குரோமோசோமில் ஒரு சின்ன இடத்தில் இருக்கிறது. அது பெரும்பாலும் அறுபடாமல் ஒரே கட்டாகத்தான் வரும். அந்த இடத்தில் நைனாவிடம் இரண்டு கட்டு, அம்மாவிடம் இரண்டு கட்டு. ஆளுக்கு ஒன்று தருவார்கள். அதனால்தான் பெற்றவர்கள் எப்போதும் பாதி. அண்ணனுக்கு விழுந்த அதே இரண்டும் உனக்கு விழ நாலில் ஒரு வாய்ப்பு. எனக்கு அவன் மூக்கு விழுந்தது, அங்கே பாதிதான் விழுந்தது. மூக்கைக் கொடுத்து அவனைக் காப்பாற்ற முடியாதே.

பயப்படாமல் போ. அப்சல் மாமாவுக்கும் உன் மாமியாருக்கும் என் வணக்கம்.

ஜோதிகா

~

தாழங்குப்பம்
9 ஏப்ரல் 2024

அக்கா, அக்கா,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. பொருந்திவிட்டது! முழுசாக!

நீ ரத்தம் கொடுத்ததே எங்களுக்குத் தெரியாது. டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். "இது அப்பா கொடுத்தது, இது அம்மா கொடுத்தது. மகனுக்கும் மூத்த பொண்ணுக்கும் ரெண்டுமே ஒண்ணு" என்றார். நைனா அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா கொடுத்ததுன்னா, நானா சார்?" என்று கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை. "வேற யாரு?" என்று சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வராமல் போட்டிலேயே படுத்துக்கொண்டார்.

அம்மா அழுதுகொண்டே மீன் ஆய்ந்தாள். "எம் பொண்ணு" என்று மட்டும் சொன்னாள். இத்தனை வருடம் யாருக்குப் பதில் சொன்னாளோ தெரியவில்லை.

அடுத்த மாதமே செய்துவிடலாம் என்கிறார்கள். உனக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பு எலும்பிலிருந்து எடுப்பார்களாம். சில நாள் வலிக்குமாம், பிறகு உனக்குத் தானாக ஊறிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் வரும். எடுத்துப் பேசு.

உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஜோதிகா

~

தாழங்குப்பம்
2 மே 2024

அக்கா,

சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

ஏன் பதில் இல்லை? தினமும் அஜீசாவைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. முந்தாநாள் ஆஸ்பத்திரியில், "அவங்களால இப்ப கொடுக்க முடியாது" என்றார்கள். ஏன் என்று கேட்டோம். "அவங்க அனுமதி இல்லாம சொல்ல மாட்டோம்" என்றார்கள்.

குப்பத்தில் செய்தி பரவிவிட்டது. "பழிவாங்கிட்டா பாரு" என்கிறார்கள். "அவ வூட்டுக்காரங்க வுட மாட்டாங்க" என்கிறார்கள். நைனா வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறார். அதுதான் பயமாக இருக்கிறது.

அண்ணனுக்கு நேற்று மூக்கில் ரத்தம் வந்து நிற்கவே இல்லை. துணியை மாற்றி மாற்றிப் பிடித்தேன். நீ கோபப்படலாம். நைனாமேல், குப்பத்தின்மேல், என்மேல்கூட. ஆனால் அண்ணன் உனக்கு என்ன செய்தான்? நீ கிளம்பிய அன்றைக்கு உன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தவன் அவன்தானே?

வேறு எழுதத் தெரியவில்லை.

ஜோதிகா

~

பழைய வண்ணாரப்பேட்டை
11 மே 2024

அன்பு ஜோதி,

உன் இரண்டு கடிதமும் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. நீ எழுதியதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. என்மேல்தான் தப்பு, சொல்லாமல் இருந்துவிட்டேன்.

எனக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. வயிற்றில் குழந்தை இருக்கும்போது மஜ்ஜை எடுக்க மாட்டார்களாம்.

இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. முதல் முறை அம்மா பக்கத்தில் இல்லையே என்று அழுதேன். இரண்டாம் முறை அழக்கூடத் தோன்றவில்லை. இந்தத் தடவை ஐந்து மாதம் தாண்டும்வரை வெளியே மூச்சுவிடுவதில்லை என்று மாமியும் நானும் பேசிவைத்திருந்தோம். உன் முதல் கடிதம் வந்தபோது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. பொருந்தினால்தானே பேச்சு, பார்க்கலாம் என்று போய் ரத்தம் கொடுத்தேன். பொருந்திவிட்டது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் நாள் ஓடிவிட்டது.

உண்மையான காரணம் அதுகூட இல்லை. உங்களுக்குத் தெரிந்தால், யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து, "இது போனா இன்னொண்ணு பெத்துக்கலாம், அண்ணன் போனா வருமா?" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அம்மாவே சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு எனக்கு யாரும் இல்லாமல் போய்விடுவார்கள். அதைவிட நான் கெட்டவளாகவே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

உன் மாமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளிவாசலில் அண்ணனுக்காக துஆ செய்கிறார். நான் டாக்டரிடம் பேசினேன். பிரசவம் ஆகி உடம்பு தேறியதும் எடுத்துக்கொள்ளலாம், அதுவரை தாங்க ஒரு மருந்து இருக்கிறது, சிலருக்குக் கேட்கும் என்றார். அதைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்டு. அவன் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டதாகச் சொல்.

ரேகா

~

தாழங்குப்பம்
26 மே 2024

அக்கா, அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு எழுத்தையும் மாற்றக்கூடாது என்று உத்தரவு.

"தங்கச்சி ரேகாவுக்கு உதயா சொல்றது. நான் நல்லா கீறேன். நீ நல்லா கீறியா? இன்னாம்மா நீ, இதப் போயி மறச்சிகினு. ஜோதி லெட்டரப் படிச்சிக் காட்டினப்போ எனக்குச் சிரிப்புதான் வந்துச்சி, அப்பால அழுவாச்சி வந்துச்சி.

நீ பயந்த அந்த வார்த்தையை இந்த வூட்ல யாரும் சொல்லல. பவுனம்மா பெரிம்மாதான் ராகம் இஸ்துகினே அந்தப் பேச்ச ஆரம்பிச்சிது. நம்ம நைனா தட்டுல கைய உதறிட்டு எந்திரிச்சாரு. 'எம் பொண்ணு வவுத்துல கீறதப் பத்தி எவளும் பேசக்கூடாது'ன்னாரு. மெய்யாலுமே அப்டித்தான் சொன்னாரு. எம் பொண்ணுன்னாரு.

நேத்துலேர்ந்து மருந்து ஏத்துறாங்கோ. குதிரை ரத்தத்துலேர்ந்து எடுத்ததாம். குளுரு தூக்கிப் போட்டுச்சி, உடம்பெல்லாம் தடிச்சிப் போச்சி. இனிமே கடல்ல இன்ஜின் மக்கார் பண்ணா நானே இஸ்துகினு வந்துடுவேன், குதிரை பவரு.

நீ ஒயிங்கா துன்னு, ஒயிங்கா தூங்கு. எனுக்கு ஒண்ணும் அவசரமில்ல. கடல்ல போனவனுக்குக் காத்திருக்கத் தெரியாதா? அப்சல் மச்சானையும் பெரியவங்களையும் கேட்டதாச் சொல்லு. இப்டிக்கு உன் அண்ணன்."

கடைசியில் கையெழுத்து மட்டும் அவனே போட்டான். படுத்தபடியே போட்டதால் கோணலாக இருக்கிறது. நான் உன்னிடம் அப்படி எழுதியிருக்கக் கூடாது அக்கா.

ஜோதிகா

~

பழைய வண்ணாரப்பேட்டை
22 செப்டம்பர் 2024

அன்பு ஜோதி,

பெண் குழந்தை. லுப்னா என்று பெயர் வைத்திருக்கிறோம். நானும் அவளும் நலம். அண்ணனுக்கு மருந்து கொஞ்சம் கேட்டிருக்கிறது, ரத்தம் ஏற்றும் இடைவெளி கூடியிருக்கிறது என்று அம்மா சொன்னாள். ஆமாம், அம்மாவே சொன்னாள். வந்திருந்தாள்.

பவுனம்மாள் பெரியம்மா மீன்கூடையோடு முன்னால் நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ ஒளிந்திருந்தார்கள். ஒதுங்கச் சொல்லிப் பார்த்தால் அம்மா. கையில் தூக்குவாளி. "பால்சுறா புட்டு. பாலு சுரக்கும்" என்றாள். இரண்டரை வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. எங்கள் மாமி ஜெரினா அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது சண்டை. "நெத்தி எங்க வூட்டு நெத்தி" என்றாள் அம்மா. "காதைப் பாருங்க, அப்சல் பொறந்தப்போ இதே காது" என்றார்கள் மாமி. கையைத் திருப்பிப் பார்த்தார்கள், காலைத் திருப்பிப் பார்த்தார்கள். லுப்னா கண்ணைத் திறந்தாள், அது யாருடையதும் இல்லை. என்னுடையதும் இல்லை. இரண்டு பேரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். என் மாமனார் கமாலுதீன் மாமா மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "புள்ள அது ஜாடையில கீது" என்றார்.

உன்னை நினைத்துக்கொண்டேன். நீ இருந்திருந்தால் வெட்டுக்கிளியைக் கொண்டுவந்திருப்பாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகப் படி.

அக்கா

~

தாழங்குப்பம்
3 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

குட்டி லுப்னா சுகமா? முகம் பார்த்துச் சிரிக்கிறாளா?

நல்ல செய்தியை முதலில் எழுதுகிறேன். நேற்று வகுப்பில் ஒன்று கேட்டேன், உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் சொன்ன அந்தத் துண்டு மாற்றம் இருக்கிறதே, ஆண்களுக்கு அது பெரியவர்களான பிறகு நடக்கிறது. பெண்களுக்குப் பிறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறதாம். அதாவது, நீ அம்மாவின் வயிற்றுக்குள் இருந்தபோதே உனக்குள் முட்டைகள் வந்துவிட்டன. அவற்றில் ஜோடிகள் ஒட்டிப் படுத்துத் துண்டு மாற்றிக்கொண்டு, பாதி வேலையில் அப்படியே உறங்கிவிட்டன. அதில் ஒன்றுதான் இத்தனை வருடம் காத்திருந்து லுப்னாவாகியிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். ஈரக் கையோடு நின்று யோசித்தாள். "அப்போ அந்தக் கொயந்தையையும் நான் சுமந்துகினுதான் இருந்தேனா?" என்றாள். ஒரு விதத்தில் ஆமாம் என்றேன். இரண்டு தெரு தள்ளிப் போய் இதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

இனி மற்றது. அண்ணனின் ரத்த அணு எண்ணிக்கை திரும்பவும் இறங்கிவிட்டது. காய்ச்சல், நெஞ்சில் சளி. ஐ.சி.யூ.வில் வைத்து நேற்றுத்தான் வார்டுக்கு மாற்றினார்கள். மருந்து இனி தாங்காது என்கிறார்கள். உனக்கு இன்னும் உடம்பு தேறவில்லை என்றால் என்னுடைய பாதியை வைத்துச் செய்யச் சொல்லிவிட்டேன். நான் தயார். உன்னை அவசரப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. அண்ணனும் எழுத வேண்டாம் என்றுதான் சொன்னான்.

மாமிக்கு என் வணக்கம்.

ஜோதிகா

~

பழைய வண்ணாரப்பேட்டை
8 டிசம்பர் 2024

அன்பு ஜோதி,

நீ அண்ணனோடு அந்தக் கண்ணாடி அறைக்குள் துணைக்கு இருப்பதால் இங்கே நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. உள்ளே காகிதம் கொண்டுபோகக் கூடாதாம். வெளியே வந்ததும் படித்துக்கொள். நான் நலம். இடுப்பு மட்டும் கழுதை உதைத்த மாதிரி இருந்தது, இப்போது குனிந்து நிமிர முடிகிறது.

உன் கடிதம் வந்த அன்றே அவரோடு போய் டாக்டரைப் பார்த்தேன். மாமி, "பச்ச உடம்பு, இன்னும் ரெண்டு மாசம் போவட்டும்" என்று தடுத்தார்கள். பரிசோதனை செய்துவிட்டு, தாங்கும் என்றார் டாக்டர். மாமி என்னைப் பார்த்தார்கள், குழந்தையைப் பார்த்தார்கள். "நா வார்டுல இவள வச்சிக்கிறேன். நீ போயிட்டு வா" என்றார்கள்.

மயக்கம் தெளிந்தபோது வாய் உலர்ந்திருந்தது. கவிழ்த்துப் போட்டு எடுத்ததால் உடம்பெல்லாம் யாரோ அடித்த மாதிரி. கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். அதற்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. செருப்பில்லாத கால், வெடித்த குதிகால். நகரவே இல்லை. என் மஜ்ஜைப் பை மேல்மாடிக்கு, அண்ணனுக்குப் போயாகிவிட்டது. எல்லோரும் அதன் பின்னாலேயே ஓடியிருப்பார்கள் என்று நினைத்தேன். நைனா இங்கே நின்றுகொண்டிருந்தார்.

"வலிக்குதா?" என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம்" என்றேன்.

அவ்வளவுதான் ஜோதி. திரையை விலக்கவில்லை. நானும் விலக்கச் சொல்லவில்லை. நர்ஸ் வந்து விரட்டும்வரை அந்தக் கால்கள் அங்கேயே இருந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

அண்ணனுக்கு எப்போது பிடிக்கும், எப்போது தெரியும் என்று மனது அடித்துக்கொள்கிறது. வெளியே வந்ததும் எழுது.

ரேகா

~

தாழங்குப்பம்
16 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் கழிந்து எழுதுகிறேன். அண்ணன் வெளியே வந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்து அம்மாவோடு தங்கவைத்திருக்கிறோம். தலையில் முடி இல்லை, முகமூடி போட்டிருக்கிறான், கண் மட்டும் தெரிகிறது. அந்தக் கண் சிரிக்கிறது. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

வெள்ளை அணு முதலில் பூஜ்யத்தில் கிடந்தது. தினமும் காலையில் ரத்தம் எடுப்பார்கள், தினமும் பூஜ்யம். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் நர்ஸ் ஓடி வந்தாள். சின்ன எண்தான், ஆனால் எண். மறுநாள் இரட்டிப்பு. "ரேகா எலும்புக்குள்ள வூடு புடிச்சிட்டா ஜோதி" என்றான் அண்ணன். இன்னும் ஒரு வருடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், நோய் தொற்றக்கூடாது, மாத்திரையை விடக்கூடாது. ஆனால் ரத்தம் ஏற்றி நாளாகிவிட்டது அக்கா. அவனே ஊறவைக்கிறான், உன்னுடையதை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அண்ணனுக்கு பி வகை ரத்தம், உனக்கு ஓ. மஜ்ஜைப் பொருத்தம் ஒரு குரோமோசோம், ரத்த வகை வேறொன்று. அதனால்தான் ஒன்று பொருந்தி மற்றது பொருந்தவில்லை. சில மாதத்தில் அவனுக்கும் ஓ ஆகிவிடுமாம். இதைக் கேட்டு நைனா எழுந்து நின்றார். "அப்போ எம் பையன் உடம்புல ஓடுறது எம் பொண்ணு ரத்தமா சார்?" என்றார். ஆமாம் என்றார் டாக்டர். நைனா கைகூப்பிவிட்டு வெளியே போனார். நான் போய்ப் பார்த்தபோது குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார், நெடுநேரமாக.

இப்போது இந்தக் கடிதத்தின் விஷயம். நேற்று அவர் என்னிடம் வந்து, "வண்ணாரப்பேட்டைல அந்தத் தெரு எப்டிப் போவணும்?" என்று கேட்டார். பவுனம்மாள் பெரியம்மாவைக் கேட்டால் கூட்டிப் போவாளே என்றேன். "வேணா. நானே போயிக்கிறேன்" என்றார். வழி சொன்னேன். வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார். போனில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ யோசிக்காமல் வேண்டாம் என்றிருப்பாய். கடிதம் என்றால் படித்துவிட்டு ஒரு நாளாவது யோசிப்பாய்.

அவர் மணியடிக்க மாட்டார், கூப்பிடவும் மாட்டார். எதிர்வரிசையில் நின்று உன் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார், யாரும் வரவில்லை என்றால் திரும்பிவிடுவார். அதனால் பத்து மணிக்கு லுப்னாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வா.

உன் தங்கை
ஜோதிகா